ட்ரெய்ல்ஸ் சீரிஸை எங்கருந்து ஆரம்பிக்கறது? எங்க செட்ல நாலு பேர் நாலு பக்கமா நுழைஞ்ச அனுபவம்

ட்ரெய்ல்ஸ்ங்கற ஜப்பான் வீடியோ கேம் சீரிஸை எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, முதல்லயே பதிலை சொல்லிடறேன், ஏன்னா இந்தக் கேள்விய தேடிட்டு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு பொறுமை கிடையாது. ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை, முதல் பாகம். 2025ல வந்த ரீமேக் ஓடற மெஷின் இருந்தா ரீமேக், இல்லாட்டி பழைய பிசி வெர்ஷன். அவ்ளோதான். இதுக்கு மேல படிக்காம போய் டவுன்லோடு போட்டாலும் ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா ஏன் இதுன்னு தெரியாம உள்ள போனா பத்தாவது மணி நேரத்துல "என்னடா இது, ஊர் ஊரா போய் காணாம போன பூனைய தேடிக் குடுத்துட்டு இருக்கோம்"னு மூடி வெச்சிருவீங்க, அப்படி மூடி வெச்சவங்கள நான் நெறைய பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டோக்கியோவோட மேற்குப் பக்கம் தச்சிகாவாங்கற எடத்துல நிஹான் ஃபால்காம்னு ஒரு கம்பெனி இருக்கு, 1981ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் சின்னக் கம்பெனிதான். அவங்க 2004ல ஜப்பான்ல பிசிக்கு விட்டது ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை. அதுல இருந்து இன்னிவரைக்கும் மெயின் கதையில மட்டும் 13 கேம் வந்தாச்சு, பதிமூணும் ஒரே கண்டம், ஒரே காலக்கணக்கு, ஒரே கதை. ஃபைனல் ஃபேண்டஸில நம்பர் மாறினா உலகமே மாறிடும், 7 தொடாம நேரா 10க்கு போகலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. இங்க அந்த வேலை நடக்காது. வெளிய 20 வருஷம் ஓடியிருக்கு, கதைக்குள்ள சுமார் ஏழு வருஷம்தான் ஓடியிருக்கு, முதல் கேம்ல ஒரு டீக்கடை ஓரத்துல நின்னு பேசின ஆளு அஞ்சாவது கேம்ல வேற நாட்டுல வேற வேலைல இருப்பான், அவனுக்கு உங்கள ஞாபகம் இருக்கும். வாரப் பத்திரிகையில தொடர்கதை படிச்ச வீட்டுல வளந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், நடுவுல பத்து வாரம் விட்டவன் பக்கத்துல உக்காந்து "யாரு இவரு, எதுக்கு அழறாரு"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான்ல, அதான்.

இப்ப கம்பெனி தலைவரா இருக்கற தோஷிஹிரோ கொண்டோ, ஸ்டூடெண்டா இருந்தப்ப ஃபால்காம் கேமுக்கு ஃபேன் சைட் நடத்திட்டு இருந்த ஆளு, 1998ல உள்ள வேலைக்கு சேந்து 2007ல தலைவராயிட்டார். கதைய நடுவுல அத்துட்டு புதுசா ஆரம்பிக்கவே மாட்டேங்கறாங்களே, வியாபாரத்துக்கு இது சரிவராதேன்னு எனக்கு தோணும்போதெல்லாம் இதுதான் ஞாபகம் வரும், ரசிகன் கையில சாவியக் குடுத்தா இப்படித்தான் நடக்கும் போல.

கதை நாடு நாடா போகும். லிபர்ல்னு ஒரு சின்ன ராஜ்யம், அங்க நடக்கறதுதான் ஸ்கை, மூணு கேம். அப்புறம் கிராஸ்பெல்னு ரெண்டு வல்லரசுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கற ஒரு நகரம், அங்க ட்ரெய்ல்ஸ் ஃப்ரம் ஸீரோ, ட்ரெய்ல்ஸ் டு அஸூர்னு ரெண்டு. அந்த வல்லரசுல ஒண்ணு எரபோனியா பேரரசு, அதுக்கு கோல்டு ஸ்டீல் 1ல இருந்து 4 வரைக்கும். இது எல்லாத்தையும் முடிச்சு வைக்க ட்ரெய்ல்ஸ் இன்டு ரெவரி. இன்னொரு வல்லரசு கால்வார்டு குடியரசு, அதுக்கு டேபிரேக் 1, 2, அப்புறம் இங்கிலீஷ்ல 2026 ஜனவரில வந்த பியாண்ட் தி ஹொரைஸன். நயூட்டான்னு ஒண்ணு தனியா இருக்கும், அது வேற உலகம், அதை எப்ப வேணா விளையாடலாம், விளையாடாமலும் விடலாம்.

சரி, இவ்ளோ வரிசையா இருக்கே, ஒண்ணுல ஆரம்பின்னு சொல்லிட்டு போகவேண்டியதுதானே, ஏன் எல்லாரும் இதையே கேக்கறாங்க? காரணம் இங்கிலீஷ்ல வந்த வரிசை. ஜப்பான்ல ஒழுங்காத்தான் வந்துச்சு. இங்கிலீஷ்ல ஸ்கை முதல் பாகம் 2011ல பிஎஸ்பின்னு சோனியோட கையடக்க கேம் மெஷினுக்கு வந்துச்சு, அப்ப பிஎஸ்பியே மூச்சு வாங்கிட்டு இருந்த நேரம். அந்த கேம் எப்படி முடியும்னு விளையாடினவங்களுக்கு தெரியும், மனுஷன தூங்கவிடாத எடத்துல நிறுத்திட்டு போயிருவாங்க. ரெண்டாவது பாகம் இங்கிலீஷ்ல வந்தது 2015 அக்டோபர். நாலு வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க பாவம். அதே 2015 டிசம்பர்ல, ரெண்டே மாசம் கழிச்சு, கோல்டு ஸ்டீல் 1 வந்துருச்சு. நடுவுல இருக்கற ஸ்கை மூணாவது பாகம் 2017ல, கிராஸ்பெல் ரெண்டும் 2022லயும் 2023லயும். அதாவது கோல்டு ஸ்டீல் 4 இங்கிலீஷ்ல 2020லயே வந்து எரபோனியா கதை முடிஞ்சப்புறம்தான் அதுக்கு முன்னாடி நடக்கற கிராஸ்பெல் கதை முறையா கைக்கு கெடைச்சுது. அதுகூட ஜியோஃப்ரண்ட்னு ஒரு ரசிகர் குழு சும்மா ஆர்வத்துல 2020லயும் 2021லயும் மொழிபெயர்த்து வெளியிட்டாங்க, பின்னாடி பப்ளிஷரே அந்த மொழிபெயர்ப்ப அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. அப்ப 2016ல கடையில போய் நின்னவனுக்கு கண்ணுக்கு தெரிஞ்சது கோல்டு ஸ்டீல் மட்டும்தான். இன்னிக்கும் பழைய வீடியோ, பழைய கட்டுரைல "கோல்டு ஸ்டீல் 1ல ஆரம்பிங்க"ன்னு இருக்கறது இதனாலதான். அந்த நேரத்துக்கு அது சரியான பதில். இப்ப எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கு, அந்த அட்வைஸுக்கு தேவை முடிஞ்சுபோச்சு.

இப்ப எங்க செட் கதைக்கு வரேன்.

நான் ஸ்கைல ஆரம்பிச்சேன். பெரிய ஆராய்ச்சியெல்லாம் பண்ணல, கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப், அதுல ஓடறது எதுன்னு பாத்தா இதான் ஓடுச்சு. 2004 கேம்ங்க, ஃபேன் சத்தம்கூட வராது. குட்டி குட்டி பொம்மை மாதிரி கேரக்டர்ஸ், கேமராவ சுத்திக்கலாம், பாக்க இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு.

முதல் ஊர் ரோலன்ட். எஸ்டெல்னு பதினாறு வயசுப் பொண்ணு, அவங்க வீட்டுல வளர்ற ஜோஷுவா, ரெண்டு பேரும் பிரேசர்னு ஒரு வேலைக்கு சேர்றாங்க. பிரேசர்னா ஊருக்கு உதவி செய்ய ஒரு சங்கம், அரசாங்கத்துக்கும் ராணுவத்துக்கும் கட்டுப்படாதது, போர்டுல வேலை ஒட்டியிருக்கும், எடுத்து செய்யணும். மொத மொத நான் செஞ்ச வேலைல ஒண்ணு ரோட்டோர விளக்கு ரிப்பேர். அதுல என்ன சுவாரசியம்னு கேப்பீங்க. அந்த உலகத்துல ஊருக்கு வெளிய ரோட்டோரமா நிக்கற விளக்குதான் மான்ஸ்டர கிட்ட அண்டவிடாம வெச்சிருக்கு, அது பழுதானா அந்த ரோடே ஆபத்து. நீங்க போய் நிக்கறீங்க, விளக்கு சரியா வேலை செய்யல, மான்ஸ்டர் ஒண்ணொண்ணா வருது, ஜோஷுவா விளக்கோட மல்லுக்கட்டும்போது பேனலுக்கு நம்பர சொல்லணும். ஒரு விளக்கு மாத்தற வேலைல அந்த ஊர் எப்படி இயங்குது, ஆர்ப்மென்ட்னு சொல்ற அந்த மெஷின் டெக்னாலஜி வந்து அம்பது வருஷத்துல ஜனங்க வாழ்க்கை எப்படி மாறிப்போச்சுன்னு பூராத்தையும் சொல்லிட்டாங்க. யாரும் உக்காந்து லெக்சர் எடுக்கல. இந்த எடம் புடிச்சுதுன்னா சீரிஸ் உங்களுக்கு செட்டாகும். "விளக்கு மாத்தறதுக்கெல்லாம் ஒரு கேமா"ன்னு தோணுச்சுன்னா, அது தப்பே இல்ல, ஆனா அடுத்த 12 கேமும் அடிப்படைல இப்படித்தான், அதனால இங்கயே முடிவு பண்ணிக்கலாம்.

இன்னொரு விஷயம் ஊர்க்காரங்க பேச்சு. கதைல ஒரு சம்பவம் நடந்தா ஊர்ல இருக்கற அத்தனை பேரோட டயலாகும் மாறும். எல்லாரோடதும். கடைக்காரர், மாதா கோவில்ல உக்காந்திருக்கற கிழவி, தெருவுல ஓடற பசங்க, எல்லாருக்கும் பேர் இருக்கு, குடும்பம் இருக்கு, சொந்தப் பிரச்சினை இருக்கு. ஆன்டன்னு ஒருத்தன் வருவான், காதல்ல தோக்கறதே அவனுக்கு வேலை, நாடு விட்டு நாடு போய் தோத்துக்கிட்டே இருப்பான், கேம் கேமா அவன தேடிப் புடிச்சு பேசறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, நானும் அதுல சேத்தி. அதுக்காக ஒவ்வொரு சம்பவத்துக்கு அப்புறமும் ஊர் பூரா சுத்தி எல்லார்கிட்டயும் பேசணும்னு விரதம் எடுக்காதீங்க, சோர்ந்துருவீங்க. என்னோட கணக்கு என்னன்னா, ஒரு ஊருக்கு புதுசா வரும்போது ஒரு ரவுண்டு, ஊரை விட்டுப் போகும்போது ஒரு ரவுண்டு. போதும்.

சண்டை டர்ன் பேஸ்டு, அதாவது நாமளும் எதிரியும் முறை வெச்சு அடிக்கறது. ஸ்க்ரீன் ஓரமா யார் டர்ன் அடுத்து வருதுன்னு வரிசையா படம் இருக்கும், அதுல சில டர்ன்ல போனஸ் ஒட்டியிருக்கும், கிரிட்டிகல், கொஞ்சம் ஹீல், இப்படி. இதைக் கவனிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா பாஸ் சண்டைல அடி வாங்குவீங்க. பாஸோட டர்ன்ல கிரிட்டிகல் வரப்போகுதுன்னு தெரிஞ்சா, உங்க ஆள்ல யாருக்காவது சிபி, அதாவது சண்டைல சேர்ற பாயிண்ட், 100 இல்ல அதுக்கு மேல இருந்தா எஸ்-பிரேக்ங்கற ஸ்பெஷல் அடிய போட்டு வரிசைல நடுவுல புகுந்து அந்தக் கிரிட்டிகல நாம புடுங்கிக்கலாம், அவனுக்கு வெறும் டர்ன் மிஞ்சும். 200 சேத்து போட்டா அடி இன்னும் பலமா விழும், ஆனா சேத்த சிபி மொத்தமும் காலியாயிரும், அதனால யார்கிட்டயாவது எப்பவும் ஒரு நூறு கையிருப்பு இருக்கற மாதிரி பாத்துக்கோங்க. மேஜிக் விஷயத்துல, கேரக்டரோட ஆர்ப்மென்ட்ல குவார்ட்ஸ்னு கல்லு சொருகணும், ஒரே லைன்ல இருக்கற குவார்ட்ஸோட எலிமென்ட் மதிப்பு எல்லாம் கூடித்தான் எந்த ஆர்ட்ஸ், அதாவது எந்த மேஜிக், கெடைக்கும்னு முடிவாகும், சும்மா பளபளன்னு இருக்கற குவார்ட்ஸா பாத்து சொருகினா ஒண்ணும் கெடைக்காது. ஒலிவியேன்னு ஒரு பாட்டுக்காரர் வருவார், எல்லார்கிட்டயும் வழிவார், அவருக்கு எல்லா ஸ்லாட்டும் ஒரே லைன், அதனால பெரிய ஆர்ட்ஸ் அவர்கிட்ட குடுங்க. பழைய வெர்ஷன்ல எர்த் கார்டுங்கற (Earth Guard) பாதுகாப்பு ஆர்ட்ஸ் போட்டா ஒரு அடிய அப்படியே முழுங்கிரும், எவ்ளோ பெரிய அடியா இருந்தாலும் சரி. இது தெரிஞ்சா கஷ்டமான பாஸ்ல பாதி சுலபமாயிரும். அப்படியும் தோத்தா திரும்ப ட்ரை பண்ணும்போது எதிரி பலத்த கொஞ்சம் கொறைச்சுக்கற வசதி இருக்கு, கூச்சப்படாம யூஸ் பண்ணுங்க, கதைக்காகத்தான் வந்திருக்கோம்.

இப்ப ரூம்மேட். அவன் கோல்டு ஸ்டீல் 1ல ஆரம்பிச்சான். மிலிட்டரி ஸ்கூல், கிளாஸ் 7ன்னு ஒரு பேட்ச், மாசா மாசம் ஒரு ஊருக்கு பயிற்சிக்கு போறாங்க, லீவு நாள்ல பசங்ககூட சுத்தி ஃப்ரெண்ட்ஷிப் வளத்துக்கலாம், பெர்சோனான்னு இதே மாதிரி ஸ்கூல் கேம் ஒண்ணு இருக்கு, அதை விளையாடினவனுக்கு சட்டுனு புடிக்கும். அவனுக்கும் புடிச்சுது. நல்ல கேம்தான், நான் கொறை சொல்லல. பிரச்சினை ரெண்டாவது பாகத்தோட கடைசில வந்துச்சு. கதை முடிஞ்சமாதிரி இருக்கும், திடீர்னு வேற ஒரு ஊர், வேற ரெண்டு ஆளு, அவங்கள வெச்சு கொஞ்ச நேரம் விளையாடணும். ராத்திரி ஒரு மணிக்கு என்னை எழுப்பி, "மச்சான், யாருடா இவங்க ரெண்டு பேரும்? எதுக்கு இவ்ளோ ஃபீல் பண்றாங்க?"ன்னான். என்ன சொல்றது? அவங்க கிராஸ்பெல் ஆளுங்க, அவங்களுக்கு என்ன ஆச்சுங்கறது ரெண்டு முழு கேம். "நீ தூங்கு"ன்னு சொல்லிட்டு படுத்துட்டேன்.

மூணாவது பாகம் இன்னும் மோசம், அவன் பக்கம் இருந்து பாத்தா. ஸ்கைல பன்னண்டு வயசு டீட்டான்னு ஒரு குட்டிப்பொண்ணு, தன்னவிட பெரிய துப்பாக்கிய தூக்கிட்டு தாத்தாவோட வொர்க்ஷாப்ல எண்ணெயும் பிசுக்குமா சுத்திட்டு இருக்கும். அது கோல்டு ஸ்டீல் 3ல ஸ்டூடெண்டா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வந்து நிக்கும். அந்த சீன்ல நான் சத்தமா கத்திட்டேன், ஏதோ சொந்தக்காரப் பொண்ணு காலேஜ் சேந்தமாதிரி. ரூம்மேட் திரும்பிப் பாத்துட்டு "கிளாஸ்ல ஒரு பொண்ணு, மெஷின் வேலை தெரியுமாம், இதுக்கு ஏன் குதிக்கற"ங்கறான். ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரீனத்தான் பாத்துட்டு இருந்தோம். அப்புறம் அவன் திரும்பிப் போய் கிராஸ்பெல் விளையாடினான், ரசிச்சான், அதுல சந்தேகமில்ல. ஆனா அஸூர்ல அடுத்தடுத்து வர்ற திருப்பம் எதுவும் அவனுக்கு திருப்பமா இல்ல, முடிவு என்னன்னு கோல்டு ஸ்டீல் ஏற்கனவே சொல்லிருச்சு. கிராஸ்பெல்தான் இந்த மொத்த சீரிஸ்லயும் உச்சம்னு நெனைக்கற ஆளு நான். நாலு பேர் கொண்ட ஒரு போலீஸ் பிரிவு, யாரும் மதிக்காத டிபார்ட்மென்ட், ஊரே ரெண்டு நாட்டுக்காரன் காலடில, லஞ்சம், மாஃபியா, அதுக்குள்ள இவங்க என்ன கிழிக்க முடியும்ங்கறதுதான் கதை. அதை முடிவு தெரிஞ்சு பாக்கறதுல எனக்கு உடன்பாடு கிடையாது. கோல்டு ஸ்டீல்ல ஆரம்பிக்காதீங்கன்னு நான் சொல்றதுக்கு முக்கால்வாசி காரணம் இதான்.

அத்தை பையன் கேஸ் வேற. பழைய கிராபிக்ஸ காட்டினா "இதெல்லாம் எங்க அப்பா விளையாடறது"ம்பான். அவன் பிஎஸ்5ல டேபிரேக் எடுத்தான். வேன் ஆர்க்ரைடுன்னு ஹீரோ, இருபத்து நாலு வயசு, போலீஸ் எடுக்காத, பிரேசர் எடுக்காத வேலைய எடுத்து செய்யறவன், இனிப்பு பைத்தியம். புது நாடு, புது டீம், ஃபீல்டுல ரியல்டைமா அடிச்சுட்டு வேணும்னா டர்ன் பேஸ்டுக்கு மாத்திக்கலாம். நல்லாவே ஓடுச்சு அவனுக்கு. ரெண்டாவதா ஒரு கதவு வேணும்னா இதான் கதவு, கோல்டு ஸ்டீல் கெடையாது. ஆனா அதுலயும் ஸ்கூல் ஸ்டூடெண்ட் கவுன்சில்ல ஒரு பொண்ணு வரும், புத்திசாலி, கிண்டலா பேசும், அவன் "செம கேரக்டர்ணா"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டான். அந்தப் பொண்ணு அந்த எடத்துல நல்லா சிரிச்சுட்டு நிக்கறதுக்குள்ள என்னென்ன நடந்துச்சுன்னு ஸ்கை ரெண்டாவது பாகத்துல இருந்து பின்னாடியே வந்தவனுக்குத்தான் தெரியும். டேபிரேக் 2, ஹொரைஸன்னு போகப்போக பழைய ஆளுங்க வந்து குமியறாங்க, அங்க அவனே "அண்ணா, அந்த ஸ்கைய போடு, பாக்கறேன்"னு வந்துட்டான். ஒண்ணு மட்டும் உறுதியா சொல்லலாம், எந்த நாட்டுக் கதையா இருந்தாலும் அதோட முதல் கேம்ல நுழைஞ்சாதான் மூச்சு விட முடியும், நடுவுல நுழையவே கூடாது. கோல்டு ஸ்டீல் 3 ஏதோ சேல்ல கெடைச்சுதுன்னு அதை போட்டவங்கல்லாம் இருக்காங்க. பாவம்.

கடைசியா அக்கா. ஆர்பிஜின்னா என்னன்னே தெரியாது, நாவல் படிக்கற ஆளு, கையில ஸ்விட்ச். 2025 செப்டம்பர்ல ரீமேக் வந்தப்ப டெமோ போட்டுக் குடுத்தேன், ரோலன்ட் பகுதி ஃப்ரீயா விளையாடலாம், அந்த சேவ் அப்படியே ஃபுல் கேமுக்கு வந்துரும். ரீமேக்ல கதை அதேதான், ஆனா முழு 3டி, வாய்ஸ் இருக்கு, சண்டை டேபிரேக் மாதிரி ரெண்டு விதமும் கலந்தது. மொத ரெண்டு நாள் அக்காவோட ஒரே கம்ப்ளைன்ட் எஸ்டெல் பத்தி. "இந்தப் பொண்ணுக்கு வாய் மூடவே மூடாதாடா? மீன் புடிக்கறா, பூச்சி புடிக்கறா, ஷூ வாங்கணுங்கறா, வேலைய எப்பதான் பாப்பா?" நான் ஒண்ணும் சொல்லல. ஏர்ஷிப் ஒண்ணு பயணிங்களோட காணாம போகும், அதுல எஸ்டெலோட அப்பாவும் இருக்காருன்னு தகவல் வரும். அதுவரைக்கும் வாயாடிட்டு இருந்த பொண்ணு அந்த நேரத்துல நடந்துக்கற விதம் பாத்ததுக்கு அப்புறம் அக்கா கட்சி மாறிட்டா. இந்த சீரிஸ்ல வர்ற ஹீரோக்கள்ல எஸ்டெல் அளவுக்கு கண்ணு முன்னாடி வளர்ற ஆள் இன்னொருத்தர் கெடையாதுன்னு நான் சொல்வேன், கோல்டு ஸ்டீல் ரசிகர்கள் சண்டைக்கு வரட்டும்.

அக்காவ பாத்ததுல எனக்கு புரிஞ்சது, வேகமா விளையாடறவங்களுக்குத்தான் ஸ்கை போரடிக்குது. அதோட அமைப்பே அப்படி, ரோலன்ட், போஸ், ருவான், ஸெய்ஸ், கிரான்செல்னு ஒரு சேப்டருக்கு ஒரு ஊர், ஒவ்வொண்ணும் தனிக்கதை மாதிரி ஆரம்பிச்சு முடியும், பெரிய கதை அடியில ஓடிக்கிட்டே இருக்கும், கடைசி ஊர்லதான் எல்லா நூலும் ஒண்ணா முடிச்சு விழும். அக்கா ஒரு ஊர் முடிச்சா ஒரு வாரம் தொடமாட்டா. சரியான முறை அதுதான். நான் மெனக்கெட்டு சனி ஞாயிறு உக்காந்து ஓட்டினதவிட அவளுக்கு நல்லா உள்ள எறங்கியிருக்கு.

சைடு குவெஸ்டுக்கெல்லாம் கெடு உண்டு, கதை கொஞ்சம் நகந்துட்டா போர்டுல இருந்து போயிரும். போகட்டும் விடுங்க. கார்னீலியான்னு ஒரு நாவல் பாகம் பாகமா ஊர் ஊரா ஒளிஞ்சிருக்கும், எல்லாம் சேத்தா நல்ல ஆயுதம் கெடைக்கும், அதுக்காக கைடு திறந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொரு அடியும் அதைப் பாத்து வெச்சா கேம் செத்துப்போயிரும். அந்த வேலைய ரெண்டாவது தடவை விளையாடறப்ப வெச்சுக்கலாம்.

மெஷின் விஷயம் கட்டாயம் சொல்லணும். இங்கிலீஷ்ல தொடக்கத்துல இருந்து எல்லா பாகமும் கெடைக்கற ஒரே எடம் பிசி. ஸ்விட்ச்ல பழைய ஸ்கை கெடையாது, கோல்டு ஸ்டீல் 1, 2 இங்கிலீஷ்ல கெடையாது, 3ல இருந்துதான் இருக்கு. பிஎஸ்4ல கோல்டு ஸ்டீல் மொத்தமும் உண்டு, கிராஸ்பெல் உண்டு, பழைய ஸ்கை கெடையாது. நீண்ட பயணம்னு முடிவு பண்ணிட்டா பிசியே நல்லது, ஒரு பாகத்த முடிச்சதும் கெடைக்கற கிளியர் சேவ அடுத்த பாகத்துல ஏத்தினா போனஸ் குடுப்பாங்க, மெஷின் மாத்திக்கிட்டே இருந்தா அது போச்சு. பிசி வெர்ஷன்ல டர்போ பட்டன் இருக்கு, நடக்கறது, சண்டை எல்லாம் வேகமா ஓடும், திரும்பத் திரும்ப அதே ரோட்டுல நடக்கற எடத்துல தெய்வம்.

ரீமேக்ல ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. முன்னாடியே சொன்னேன்ல, முதல் பாகம் எங்க நிக்கும்னு. ரெண்டாவது பாகத்தோட ரீமேக்க 2026க்குன்னு அறிவிச்சிருக்காங்க. அதுவரைக்கும் காத்திருக்க முடியும்னா சரி. முடியாதுன்னா பழைய பிசி ரெண்டாவது பாகத்துக்கு போங்க, 3டில இருந்து பொம்மை சைஸுக்கு வந்தா ஒரு மணி நேரம் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் கண்ணு பழகிரும், எழுத்து அவ்ளோ பலம். ஸ்கை முதல் ரெண்டும் உண்மைல ஒரே கதை, ரெண்டா வெட்டி வெச்சிருக்காங்க, அதனால முதல் பாகத்த மட்டும் முடிச்சுட்டு சீரிஸ் புடிச்சுதா இல்லையான்னு தீர்ப்பு சொல்லாதீங்க.

மூணாவது பாகத்த விட்டுடலாமான்னு கேக்கறவங்க உண்டு, எஸ்டெல் மெயின் கேரக்டர் கெடையாதே, கெவின்னு ஒரு பாதிரியார் கதைதானேன்னு. விட்டுடாதீங்க. ஊர் ஊரா போறது இதுல இல்ல, ஒரு மாதிரி மாய உலகத்துல கதவு கதவா திறந்து போகணும், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தரோட பழைய கதை இருக்கும், சிலது சிரிப்பு, சிலது ரொம்ப இருட்டு, மனசு தாங்காத அளவுக்கு ஒண்ணு இருக்கு, முன்கூட்டியே சொல்லிடறேன். கிராஸ்பெலுக்கும் எரபோனியாவுக்கும் விதை போட்டதே அங்கதான். அதுக்கப்புறம் வரிசை ஜப்பான்ல வந்த வரிசைதான், ஸீரோ, அஸூர், கோல்டு ஸ்டீல் நாலு, ரெவரி, டேபிரேக் ரெண்டு, ஹொரைஸன். அஸூரையும் கோல்டு ஸ்டீல் முதல் ரெண்டையும் மாத்தி மாத்தி விளையாடலாம், ரெண்டும் ஒரே காலத்துல நடக்குதேன்னு சிலர் அட்டவணையெல்லாம் போடுவாங்க. வேணாம். எழுதினவங்க எந்த வரிசைல சொன்னாங்களோ அந்த வரிசைல கேட்டா போதும்.

பதிமூணையும் ஒரே சேல்ல வாங்கி லைப்ரரில அடுக்கறதும் வேணாம், பாத்தாலே மலைப்பா இருக்கும், ஒண்ணு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கை ஓய்ஞ்சுரும். முதல் ரெண்டு மட்டும் வாங்குங்க.

அப்புறம் ஸ்பாய்லர். கேரக்டர் பேர கூகிள்ல அடிக்காதீங்க, பேர அடிச்சு முடிக்கறதுக்குள்ள பின்னாடி ஒரு வார்த்தைய அதுவே சேத்துக் காட்டும், அந்த ஒரு வார்த்தைல மூணு கேம் காலி. விக்கி பக்கம் திறந்தா மொத வரிலயே அந்த ஆளோட உண்மையான பட்டப்பேரும் பதவியும் இருக்கும். பாட்டு கேக்கணும்னு யூடியூப் போனா தம்ப்நெயில்லயே கடைசி பாஸ் நிப்பான், ஃபால்காம் பாட்டு நல்லா இருக்கும்னு தேடிப் போற ஆளுங்கதான் இதுல அதிகமா மாட்டறது. ஏதாவது குவெஸ்ட்ல நின்னுட்டா கேரக்டர் பேர் போடாம ஊர் பேரும் சேப்டர் நம்பரும் மட்டும் போட்டு தேடுங்க, இல்லாட்டி விளையாடி முடிச்ச யாரையாவது போன்ல புடிச்சு கேளுங்க. அக்கா என்னைத்தான் புடிக்கறா, இப்ப ருவான் ஸ்கூல் டிராமால நிக்கறா, நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு போன்.